ஐந்தே முக்கால் பஸ்ஸில் யாருமே இல்லை

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. எதிரில் நின்று பேசுகிற ஆளை நம்பாது. திரையில் மினுங்குகிற புள்ளியை நம்பும். படித்த இனம், நல்ல சட்டை போடும் இனம், யாருக்கும் கெடுதல் நினைக்காத இனம். அதனால்தான் ஆபத்தான இனம். கெடுதல் நினைப்பவனுக்காவது தான் செய்வது இன்னதென்று தெரியும். "மேல இருந்து பார்த்தாத்தான் சார் முழுப்படமும் தெரியும்" என்று ஒரு நாளைக்கு நாலு முறை சொல்வதால், இந்த இனத்தை 'மேலிருந்து பார்ப்பவர்' என்றே அழைப்போம்.

எப்படி அடையாளம் காண்பது? எளிது. கல்யாண வீட்டுக்கு வழி கேட்டுக் காரை நிறுத்துவார். பெட்டிக்கடைக்காரர் கை நீட்டி, "அந்தா தெரியுதுல்ல பந்தலு, அதான்" என்பார். பந்தல் கண்ணுக்குத் தெரியும். நாதஸ்வரம் காதில் விழும். சாம்பார் வாசனை காருக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். ஆனாலும் இவர் கைப்பேசியைப் பார்த்து, "இல்லைங்க, இன்னும் எண்ணூறு மீட்டர் காட்டுது" என்று சொல்லிவிட்டு, எண்ணூறு மீட்டர் போய் ஒரு கண்மாய்க்குள் இறங்கி நிற்பார். கண்மாயில் தண்ணீர் இருந்தால் அது கண்மாயின் தவறு.

அச்சடித்த பத்திரிகையைக் கையில் கொடுத்தால் அதையும் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கப் பார்ப்பார். மழை பெய்கிறதா என்று கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டார். அவர் வாயில் 'தெரியவில்லை' என்ற சொல் வராது; "டேட்டா என்ன சொல்லுதுன்னா" என்றுதான் வாக்கியம் தொடங்கும்.

பழைய ஜோதிடரை உங்களுக்குத் தெரியும். கட்டம் போடுவார். கட்டத்துக்குள் ஆளை அடைப்பார். கட்டம் ஒன்று சொல்லி வாழ்க்கை வேறொன்று சொன்னால், நீங்கள் பிறந்த நேரத்தைத் தப்பாகக் குறித்துவிட்டீர்கள் என்பார், கட்டம் தப்பாகாது. மேலிருந்து பார்ப்பவரும் ஊரை ஐந்நூறு மீட்டருக்கு ஒரு கோடு இழுத்துக் கட்டம் போடுகிறார். அவர் கட்டமும் தப்பாகாது. ஜோதிடர் தவறினால் ஒரு கல்யாணம் நிற்கும். இவர் தவறினால் ஒரு பஸ் நிற்கும். அப்படி ஒரு பஸ் நின்ற கதைதான் இது.

காரைக்குடி கார்த்திகேய சிவம் இந்த இனத்தின் சுத்தமான மாதிரி. வெளிநாட்டில் படித்தவர், சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனம் வைத்திருப்பவர், மக்கள் வேலைக்கு எப்படிப் போய் வருகிறார்கள் என்பதைக் கைப்பேசி நகர்வை வைத்து வரைபடமாக்குவது தொழில். சொந்த ஊர்ப் பக்கத்திலேயே ஓர் ஆய்வு கிடைத்தது. 'கிராமப்புறப் பெண்களின் பணிப்பயணம்.' ஆறு மாத வேலை. பூர்வீக வீட்டில் அம்மா கண்ணம்மை ஆச்சியோடு வந்து தங்கினார்.

அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காரைக்குடிப் பெரிய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முன்வாசலில் வருகிறவர்கள் யார், எந்த ஊர், எந்தக் காரில் வந்தார்கள் என்பதெல்லாம் சிவத்துக்குச் சிறு வயது முதல் தெரியும். பின்வாசலில் வருகிறவர்கள் அவருக்கு வருகிறவர்கள் அல்ல. சமையற்கட்டில் தோன்றுகிறவர்கள். காலை ஆறரைக்கு அங்கே சோலையம்மாள் தோன்றுவார். ஆறு நாற்பதுக்குக் காபி தோன்றும். சூரியன் உதிப்பதற்கு யாராவது விசாரணை வைப்பார்களா?

சோலையம்மாளுக்கு ஐம்பது வயது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பின்வாசலில் வருகிறார். ஏழே முக்கால் வரை ஆச்சி வீட்டில் வேலை. எட்டு மணிக்கு இரண்டு தெரு தள்ளி, பழைய பங்களா ஒன்றை ஓட்டலாக்கிய இடத்தில் எட்டு அறைகளைப் பெருக்கித் துடைக்கும் வேலை. வீட்டு வேலை அரிசிக்கு. ஓட்டல் வேலை மகள் தீபலட்சுமியின் நர்சிங் படிப்புக்கு. இரண்டையும் கட்டி நிறுத்தியிருந்தது ஒரே கயிறு: சாக்கோட்டைக்கு அங்குட்டு உள்ளே தள்ளிக் கிடக்கும் செவ்வூருணி என்ற அவருடைய ஊரிலிருந்து காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பும் டவுன் பஸ்.

ஆய்வு தொடங்கியது. சிவம் செவ்வூருணிக்கு நேரிலேயே போனார்; இதைக் குறித்துக்கொள்ளுங்கள், அவர் தம் அறிக்கையில் மூன்று இடங்களில் குறித்திருக்கிறார். ஒரு நாள் சாயங்காலம், இருபத்தைந்து நிமிடம். காரை அணைக்கவில்லை, குளிர் வெளியே போய்விடும். மகளிர் குழுப் பெண்கள் அறுபத்திரண்டு பேர் சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு கைப்பேசி. ஒவ்வொன்றிலும் ஒரு செயலி ஏற்றப்பட்டது. கைப்பேசி போகிற இடமெல்லாம் அது தானாகக் குறித்துக்கொள்ளும். சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

"போன் உங்க பேர்லதானே இருக்கு?" என்று கேட்டார் சிவம்.

"எங்க பேர்லதான் சார்!" என்று அறுபத்திரண்டு பேரும் சொன்னார்கள்.

உண்மைதான். குழு மூலம் வாங்கிய போன். சிம் கார்டு பெண்ணின் பெயரில், ஆதார் பெண்ணின் பெயரில். போன் மட்டும் புருஷன் சட்டைப்பையில். அன்றைக்குக் கூட்டத்துக்காக ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி வந்திருந்தார்கள். சம்மதப் படிவத்தில் பதினேழு கேள்விகள் இருந்தன. "போன் யாரிடம் இருக்கும்?" என்ற கேள்வி இல்லை. ஏன் இருக்க வேண்டும்? சிவத்தின் போன் சிவத்திடம் இருக்கிறது. சிவத்தின் மனைவியின் போன் மனைவியிடம் இருக்கிறது. உலகம் அப்படித்தானே.

கூட்டம் முடிந்ததும் வாசலில் நின்ற சேவுகப்பெருமாள் கையை நீட்டினார். அவர் சோலையம்மாளின் கணவர். சீட்டாட்டத்தில் அந்த வட்டாரத்தில் பெயர் வாங்கியவர்.

"கொண்டா. என்ன பண்ணாக இதுல?"

"நான் எங்குட்டுப் போறேன், எங்குட்டு வாரேன்னு பாக்கப் போறாகளாம்."

"உன்னையப் பாத்து என்ன பண்ணப் போறாக?" என்று போனைப் பையில் போட்டுக்கொண்டு போனார் சேவுகப்பெருமாள். ஆய்வு தொடங்கிவிட்டது.

ஒரு மாதம் கழித்து, அம்மா வீட்டு நடுக்கட்டில் மேசை போட்டு, சிவம் திரையைத் திறந்தார். அழகான படம். கறுப்புப் பின்னணியில் அறுபத்திரண்டு சிவப்புப் புள்ளிகள். விடிகாலையில் செவ்வூருணி அசையவில்லை. ஒரு புள்ளி கூட எழவில்லை. ஒன்பதரைக்குப் புள்ளிகள் எழுந்து ஊருணிக்கரை வேப்பமரத்தடிக்குப் போயின. அங்கே நாலு நாலாகக் கூடி உட்கார்ந்தன. பதினொன்றரைக்கு ஒரு பரபரப்பு. பன்னிரண்டு மணிக்குச் சாக்கோட்டை ரோடு பிரியும் விலக்கில், பெயர் போடாத ஒரு தகரக் கூரைக் கட்டிடத்தின் வாசலில் அத்தனை புள்ளிகளும் நெருக்கியடித்து நின்றன. இரவு ஒன்பதரைக்கு மேல், நேர்கோட்டில் அல்லாமல் கொஞ்சம் வளைந்து வளைந்து வீடு திரும்பின.

சிவத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாலு நாலாகக் கூடுவது குழுப்பணி அல்லவா? பகல் பன்னிரண்டு முதல் இரவு வரை ஒரே கூரையின் கீழ்! எவ்வளவு ஒழுங்கு! ஞாயிற்றுக்கிழமை கூட விடுமுறை இல்லையே! "சாக்கோட்டை விலக்கில் உருவாகிவரும் பெண் தொழிலாளர் மையம்" என்று தலைப்புப் போட்டார். என்ன தொழில் என்பது மட்டும் தெரியவில்லை. 'பொதி கட்டும் கிடங்காக இருக்கலாம்' என்று அடிக்குறிப்பு எழுதினார். வீட்டிலிருந்து காரில் போனால் இருபது நிமிடம். போகவில்லை. போனால் கீழே இருந்து பார்க்க வேண்டியிருக்கும்.

"செவ்வூருணி காலையில கம்ப்ளீட்லி டெட்" என்று போனில் சக ஆய்வாளரிடம் சொன்னபோது பக்கத்தில் காபி வந்து உட்கார்ந்தது. வைத்த கைக்கு ஊர்ப் பெயர் மட்டும் புரிந்தது. சோலையம்மாள் மறுநாள் பஸ்ஸில் கூட வரும் ஊர்க்காரி ஆயியிடம் சந்தோஷமாகச் சொன்னார். ஆத்தங்குடிக் கல் பட்டறையில் சிமெண்டுக் கல் சுமக்கிற ஆயிக்கும் அதே வண்டிதான்.

"எங்க ஆச்சி மகன் நம்ம ஊரப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருக்காக. ரோடு போடுவாக போல."

"ரோடு என்னத்துக்கு? இன்னொரு வண்டி விடச் சொல்லு. நின்னுக்கிட்டே போயி எனக்குக் கணுக்காலு ஆனக்காலாயிருச்சு."

நிஜமாகவே இன்னொரு வண்டி விட்டார்கள்.

அது இப்படி. போக்குவரத்துக் கிளை மேலாளர் பாண்டீஸ்வரன் முன்னால் ஆய்வு முடிவு வைக்கப்பட்டது. காலை ஐந்தே முக்கால் வண்டிக்குத் தேவையே இல்லை, அதை நிறுத்தி, பதினொன்று நாற்பதுக்குச் செவ்வூருணியிலிருந்து சாக்கோட்டை விலக்குக்கு ஒரு வண்டி விடலாம், இரவு ஒன்பதரைக்குத் திருப்பலாம் என்பது பரிந்துரை. மரியாதைக்காக அந்த வண்டியின் கண்டக்டர் வேல்பாண்டியையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவர் எழுந்துவிட்டார். மரியாதைக்குக் கூப்பிட்டவர்கள் இப்படி எழக்கூடாது.

"சார், ஐந்தே முக்காலுக்கு நிக்க இடமிருக்காது சார். படியில தொங்குதுக. நான் தினம் அறுபது எழுபது சீட்டுக் கிழிக்கிறேன்."

சிவம் புன்னகை செய்தார். பொறுமையான மனிதர். "டிக்கெட் டேட்டாவையும் பார்த்தோம். அந்த ட்ரிப்ல நாலு டிக்கெட்தான் வருது."

"எப்புடி சார் நாலு?"

"ராவா வந்த டேட்டாவ முதல்ல சுத்தம் பண்ணுவோம். விலை பூஜ்யம்னு இருந்த வரியெல்லாம் மிஷின் பிழைன்னு எடுத்துட்டோம்."

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சீட்டில் பூஜ்யம்தான் அடிக்கும். இது தமிழ்நாட்டில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும்.

"சார்," என்றார் வேல்பாண்டி, "அது பிழை இல்ல சார். பொம்பளைக."

அறையில் யாரோ இருமினார்கள். "தனிப்பட்ட அனுபவங்கள் முக்கியம்தான்" என்று சிவம் அன்போடு சொன்னார், "ஆனா மேல இருந்து பார்க்கும்போது வேற படம் வருது." பாண்டீஸ்வரன் டீசல் கணக்கை நினைத்துக் கையெழுத்துப் போட்டார்.

மாதத்தின் முதல் தேதி. ஐந்தே முக்காலுக்குச் செவ்வூருணி நிறுத்தத்தில் அறுபது பெண்கள் நின்றார்கள், வண்டி வரவில்லை. ஆறே காலுக்குச் செய்தி வந்தது. அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிரதான சாலைக்கு ஐந்து கிலோமீட்டர் நடந்தார்கள்.

அதே நாள் பதினொன்று நாற்பதுக்குப் புது வண்டி வந்தது. மாலை போட்டு வரவேற்றார்கள். யார்? சேவுகப்பெருமாளும் அவர் கூட்டாளிகளும். சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, ஏதோ பெண் பார்க்கப் போகிற மாதிரி ஏறி உட்கார்ந்தார்கள். ஊரில் அந்த வண்டிக்கு அன்றே 'மாப்பிள்ளை வண்டி' என்று பெயர் விழுந்தது. அரசாங்கம் இவ்வளவு பொறுப்பாக நடந்துகொள்ளும் என்று அவர்கள் கனவிலும் நினைத்ததில்லை. ஒயின்ஷாப் வாசலிலேயே நிறுத்தம்!

இதில் ஒரு கூத்து. ஆண்களுக்குச் சீட்டுக்குக் காசு உண்டு. ஆகவே வண்டிக்கு வருமானம் கொட்டியது. பாண்டீஸ்வரன் சிவத்தைக் கூப்பிட்டுப் பாராட்டினார்: "உங்க கணிப்பு அச்சு அசலா பலிச்சிருச்சு சார்." பலித்தது என்ற சொல்லைக் கவனித்தீர்களா? அறிவியலுக்கு வேலை பலிப்பதல்ல, சரிபார்ப்பது. சரிபார்க்காத அறிவியல் ஜோதிடத்தின் பெரியப்பா பிள்ளை.

பத்து நாள் போயிற்று. சோலையம்மாள் நாலரைக்கு எழுந்து நடந்தாலும், பிரதான சாலையில் வெளியூர் வண்டியைப் பிடித்து வந்து சேர ஏழே கால் ஆனது. ஆச்சி வீட்டை முடித்து ஓட்டலுக்குப் போக எட்டரை. ஓட்டலில் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு, இந்த மாதம் வரைதான் பார்ப்போம், எட்டு மணிக்கு வர முடியாதென்றால் வேறு ஆள் வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். தீபலட்சுமிக்கு அடுத்த பருவக் கட்டணம் கட்ட வேண்டும்.

பதினோராம் நாள் காலை ஏழே காலுக்கு, காபி இல்லாமல் முகம் சுண்டிப்போன சிவம் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார். சரித்திரத்தில் முதல் முறை.

"சோலையக்கா, பத்து நாளா லேட்டாவே வர்றீங்களே. அம்மா கோவிச்சுக்கிறாங்க."

"நான் ஒண்ணும் கோவிக்கல" என்று உள்ளேயிருந்து ஆச்சி குரல் கொடுத்தார். "அவ நடந்துல்ல வாரா. நீ உன் காபிக்குக் கோவிச்சா, உன் பேர்ல கோவிச்சுக்க."

சோலையம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்க வண்டிய நிப்பாட்டிட்டாக தம்பி. எந்தப் புண்ணியவானோ மிசின்ல பாத்துச் சொன்னாராம், அதுல ஆளே இல்லைன்னு. அவரு கண்ணு நல்லாருக்கட்டும்."

"அப்படியா? எந்த ஊர் நீங்க?"

"இருபத்திரண்டு வருசமா வாரேன், இன்னைக்குத்தான் கேக்குறீக. நீங்க காருல வந்து எங்க கூடத்துல போனெல்லாம் வாங்கிப் பாத்தீகளே, அந்த ஊருதான். மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன். வணக்கம் கூடச் சொன்னேன்."

சாதாரண மனிதனாக இருந்தால் இந்த இடத்தில் தரை பிளந்து தன்னை விழுங்காதா என்று பார்ப்பான். மேலிருந்து பார்ப்பவருக்குத் தரையோடு அவ்வளவு பழக்கமில்லை. சிவத்தின் முகம் மலர்ந்தது. "அடடே! நம்ம ஸ்டடி ஏரியா! இங்க வாங்க, உங்க ஊர் எப்படி இயங்குதுன்னு காட்டுறேன்." திரையைத் திறந்து காட்டினார். "ஒவ்வொரு புள்ளியும் ஒரு பெண். இது வேப்பமரத்தடி. இது விலக்கு. பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் இங்க வேலைக்கு வந்துடுறாங்க பாருங்க."

சோலையம்மாள் குனிந்து பார்த்தார். ரோட்டு வளைவு தெரிந்தது. வளைவுக்கு இங்குட்டு தகரக் கூரை தெரிந்தது. முதலில் தோள் குலுங்கியது. பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு அதுவும் போதாமல் அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார்.

"ஆச்சி! இங்க வந்து பாருங்களேன்! நான் நெதம் பன்னெண்டு மணிக்கு ஒயின்ஷாப்புக்கு வேலைக்குப் போறேனாம்!"

ஆச்சி வந்தார், பார்த்தார். "ஏன்டா தம்பி, வெளிநாட்டுக்குப் போயி இதையாடா படிச்ச?"

"அம்மா, சும்மா இருங்க. அது ஒயின்ஷாப்னே இருக்கட்டும், இத்தனை பெண்கள் ஏன்..."

"பொம்பளைக இல்ல தம்பி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார் சோலையம்மாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. "போனு எங்க பேர்ல இருக்கு. போனு இருக்கிறது எங்க ஆம்பளைக பையில. நீங்க பாத்தது எங்க வீட்டுக்காரர. அவரு சீட்டாடப் போறதுக்கும் குடிக்கப் போறதுக்கும் ஒரு வண்டி விட்டுட்டு, நான் வேலைக்கு வாரதுக்கு இருந்த வண்டிய நிறுத்திட்டீக. மாசக் கடைசிக்குள்ள அது வரலைன்னா எனக்கு ஓட்டல் வேல போயிரும். சொல்லுங்க தம்பி, பெரிய அதிகாரிகிட்ட. நீங்க சொன்னா கேப்பாக."

எவ்வளவு எளிய கோரிக்கை! ஒரு தொலைபேசி அழைப்பு. 'தவறிவிட்டேன்' என்ற ஒரு சொல். உங்களுக்கும் எனக்கும் எளிது. ஆனால் அச்சாகிவிட்ட அறிக்கை, பாராட்டிய மேலாளர், வருகிற மாநாட்டில் வாசிக்கவிருக்கும் கட்டுரை ஆகியவற்றின் உச்சியிலிருந்து அந்தச் சொல் மிகவும் கீழே இருந்தது.

"அது உங்க அனுபவம்க்கா. நான் மதிக்கிறேன்" என்றார் சிவம். "ஆனா ஒரு ஆள் சொல்றத வச்சு டேட்டாவ மாத்த முடியாது. புதுசா ஒரு பேட்டர்ன் வந்தா, சீரா ஒரு மாசம் வந்தா, அப்ப நானே எழுதுவேன்."

"அப்ப நான் வந்து சொன்னாக் கதை. போனு வந்து சொன்னா நெசம்."

"ஒரு வகையில... ஆமா."

சோலையம்மாள் தலையாட்டினார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் விடியுமுன் செவ்வூருணியில் அறுபத்திரண்டு சட்டைப்பைகள் காலியாயின.

"ஏய், போன எங்க எடுத்துக்கிட்டுப் போற?" என்று பாயிலிருந்தே கத்தினார் சேவுகப்பெருமாள்.

"வேலைக்கு."

"அது எதுக்கு வேலைக்கு?"

"என் பேர்லதான இருக்கு. இம்புட்டு நாளு உங்களோட குடிக்க வந்துச்சுல்ல, கொஞ்ச நாளு என்னோட வேலைக்கு வரட்டும்."

அன்று காலை ஏழு மணிக்குச் சிவம் திரையைத் திறந்தார். ஊரே இடம்பெயர்ந்துகொண்டிருந்தது! நாலே முக்காலுக்கு அறுபத்திரண்டு புள்ளிகளும் ஒன்றாக எழுந்து, மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் சாலையைப் பிடித்து, அங்கிருந்து சட்டென்று வேகமெடுத்துக் காரைக்குடிக்குள் நுழைந்து சிதறிக்கொண்டிருந்தன. ஒன்று மருத்துவமனைப் பக்கம். நாலைந்து ஆத்தங்குடிச் சாலையில். ஒன்று, ஒரே ஒன்று, அவருக்குப் பழக்கமான தெருக்களில் திரும்பியது. சிவம் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். புள்ளி அடுத்த தெருவில் வந்தது. வீட்டின் பின்புறம் நின்றது. உள்ளே நுழைந்தது. கொல்லையைத் தாண்டி, சமையற்கட்டில் கொஞ்ச நேரம் நின்று, நடுக்கட்டை நோக்கி நகர்ந்து, நீலநிறப் புள்ளியாகத் தெரிந்த அவர்மேலேயே வந்து ஏறியது.

சிவம் நிமிர்ந்தார். எதிரில் சோலையம்மாள் நின்றார். ஒரு கையில் காபி. மற்றொரு கையில் போன். செருப்பில்லாத காலில் செம்மண்.

"இந்தாங்க தம்பி. நான்தான் அந்தப் புள்ளி."

சிவம் அவரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார்.

"அபாரம்க்கா!" என்றார். "மூணு மீட்டர் துல்லியம்!"

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். நடந்தவர்களுக்குத்தான் அது நீளம். சீராக ஒரு மாதம் வேண்டும் என்றாரே, ஒரு மாதம் நடந்தார்கள். வீட்டில் சண்டை வந்தது, போனைப் பிடுங்கினார்கள், பிடுங்கியதைத் திரும்பப் பிடுங்கினார்கள். ஆயி ஒரு நாள் பாம்பை மிதிக்க இருந்தார். மாதக் கடைசியில் ஓட்டல்காரர்கள் சொன்னபடியே சோலையம்மாளின் கணக்கை முடித்தார்கள். முப்பது நாள் ஆக இன்னும் பதினோரு நாள் பாக்கி இருந்தது. அந்தப் பதினோரு நாளும் அவர் போனோடுதான் நடந்தார். "எனக்குப் போயிருச்சு. ஆயிக்கு இன்னும் இருக்குல்ல" என்று ஆச்சியிடம் சொன்னாராம்.

முப்பத்தோராம் நாள் சிவம் புதிய அறிக்கை எழுதினார். 'செவ்வூருணிப் பெண்களின் பணிப்பயணத்தில் எதிர்பாராத மாற்றம்: ஒரு கண்டுபிடிப்பு.' ஆமாம், கண்டுபிடித்தவர் அவர்தான். காலை வண்டி திரும்ப விடப்பட்டது. மாப்பிள்ளை வண்டியும் நிற்கவில்லை, வருமானம் வருகிறதே. மாநாட்டில் சிவத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள். அவர் காட்டிய படத்தில் இருளிலிருந்து அறுபத்திரண்டு சிவப்புப் புள்ளிகள் வரிசையாக எழுந்து நடந்தபோது அரங்கமே கைதட்டியது. 'பாருங்கள், தரவு பேசுகிறது!' என்றார் தலைமை வகித்தவர். தரவு பேசவில்லை ஐயா. சோலையம்மாள் பேசினார். கேட்கத்தான் ஆளில்லை.

பஸ் திரும்ப வந்த முதல் நாள், வேல்பாண்டி பூஜ்யம் அடித்த சீட்டைக் கிழித்து நீட்டினார். "பிடிங்கக்கா, பிழை ஒண்ணு."

"நல்லா அழுத்திக் கிழிங்க. அடுத்த தடவ சுத்தம் பண்றப்ப அழியாமப் பாத்துக்கங்க" என்றார் சோலையம்மாள். நிற்கத்தான் இடம் கிடைத்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு வரைபடத்தின் மேல் கோபமில்லை. எண்ணுங்கள், அளந்து பாருங்கள், வானத்திலிருந்தும் பாருங்கள். எண்ணாத அரசு எதையும் செய்யாது. ஆனால் இந்த நாட்டில் மேலே இருந்து பார்த்தவர்கள் கண்ணுக்குக் கீழே இருப்பவர்கள் தெரியாமல் போனது இது முதல் முறையா? முன்பு அதற்கு விதி என்று பெயர் வைத்தார்கள். இப்போது தரவு என்கிறார்கள். பெயரை மாற்றினால் பாவம் அறிவாகிவிடுமா?

சிரித்தீர்களா? சிரிக்கத்தான் எழுதினேன். இதைப் படிக்கும்போது அநேகமாகக் காலையாக இருக்கும். பக்கத்தில் காபி இருக்கும். தெரு பெருக்கியிருக்கும். வாசலில் குப்பை அள்ளப்பட்டிருக்கும். இவற்றைச் செய்தவர் எந்த ஊர்? எத்தனை மணிக்கு எழுந்தார்? எந்த வண்டியில் வந்தார்? அந்த வண்டி இன்னும் ஓடுகிறதா?

அட, உங்கள் கை எங்கே போகிறது? கைப்பேசியைக் கீழே வையுங்கள். அதில் இருக்காது. எழுந்து பின்வாசலுக்குப் போய்க் கேளுங்கள்.